கல்லில் எழுதிய அளவும் கோப்பில் கிடந்த அளவும்

வேலூருக்கு மேற்கே, பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிப் பாலாற்றங்கரையில் உள்ள விரிஞ்சிபுரம், மார்க்கபந்தீசுவரர் என்றும் வழித்துணைநாதர் என்றும் வணங்கப்படும் சிவனின் கோயிலால் அறியப்பட்ட ஊர். எனினும் வரலாற்று மாணவர்க்கு அக்கோயில் வேறு இரண்டு காரணங்களாலும் பொருட்படுத்தத்தக்கது. ஒன்று, அங்கே நிற்கும் காலங்காட்டும் கல். அரைவட்டமாகச் செதுக்கி எண்கள் பொறிக்கப்பட்ட அந்தக் கல்லின் மேற்புறத்தில் ஒரு குச்சியை வைத்தால், அதன் நிழல் எந்த எண்ணின்மேல் விழுகிறதோ அதுவே அப்போதைய நேரம். மற்றொன்று, விசயநகர அரசர் இரண்டாம் தேவராயர் காலத்தில், 1425-இல், படைவீட்டு இராச்சியத்து அந்தணர்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையைப் பதிவு செய்த கல்வெட்டு: கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாடர் ஆகியோர் இனிப் பெண்ணுக்குப் பொன் வாங்காமல் கன்னிகாதானமாகவே மணம் முடிக்க வேண்டும் என்றும், மீறுவோர் அரச தண்டனைக்கும் சாதி விலக்கத்துக்கும் உரியர் என்றும் அது கூறுகிறது. அந்த உடன்படிக்கையின் நன்மை தீமை தனி விவாதம். இங்கே கருதத்தக்கது அதன் இருப்பிடமே: அளவானாலும் விதியானாலும், அதற்குக் கட்டுப்படுவோர் வந்து பார்க்கக்கூடிய இடத்தில் அது வைக்கப்பட்டிருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதே ஆற்றுப் பள்ளத்தாக்கில் வேறொரு வகை அளவு தோன்றியது. ஒரு லிட்டர் கிணற்று நீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு, எத்தனை மில்லிகிராம் குரோமியம் என்ற அந்த அளவு ஆய்வுக்கூடங்களிலும் அலுவலகக் கோப்புகளிலும் இருந்தது. அந்தக் கிணற்றில் இறைத்துக் குடித்தவர்களுக்கு நாக்கில் பட்ட சுவையும் வாடிய பயிரும் தவிர வேறு அளவுகோல் இருக்கவில்லை. நஞ்சு கலந்த இடங்களின் வரலாற்றை எழுதுவோர் பொதுவாக நஞ்சின் பெயரையும் இறந்தோர் எண்ணிக்கையையும் எழுதி முடித்துவிடுகின்றனர். யார் அளந்தார், அந்த அளவு யாரிடம் இருந்தது, அதை வெளியே சொன்னபோது விசாரணைக்கு நிறுத்தப்பட்டவர் யார் என்ற கேள்விகளின் வழியே பார்த்தால், பாலாற்றின் கதையும் மாஸ்கோவின் சிறையில் வைக்கப்பட்ட ஒரு வேதியியலாளரின் கதையும் ஒரே நூலில் அடுத்தடுத்து வரவேண்டிய இயல்களாகத் தெரிகின்றன.

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைச் சிறிது தொட்டு, ஏறக்குறைய 348 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கும் ஆறு. அதில் 222 கிலோமீட்டர் தமிழகத்துக்குள் அமைந்தது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே காட்சியளிக்கும் இந்த ஆற்றின் நீர் மணலுக்கு அடியில் நகர்வது. மணலைத் தோண்டி ஊற்றுக்கால் வெட்டி வயலுக்கு நீர் கொண்டு சென்ற பாசன முறை அந்த அடிநீரை நம்பியே உருவானது. கண்ணுக்குத் தெரியும் வெள்ளம் அழுக்கை அடித்துச் சென்றுவிடும். மணலுக்குள் மெல்ல ஊரும் நீரோ தன்னில் சேர்ந்த உப்பைக் கிணறு கிணறாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பாலாற்றில் நேர்ந்தது இந்த இரண்டாம் வகை.

தோல் பதனிடுதல் இப்பகுதிக்குப் புதிய தொழில் அன்று. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறவைத்த குழிகளில் தோலை வாரக்கணக்கில் கிடத்திப் பதப்படுத்தும் முறை நெடுங்காலம் வழக்கில் இருந்தது. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை அமைந்த இருப்புப்பாதை பின்னர் பாலாற்றுப் பள்ளத்தாக்கின் வழியே மேற்கு நோக்கி நீண்டபோது, சென்னைப் பெரியமேட்டுத் தோல் சந்தைக்கும் துறைமுகத்துக்கும் இப்பகுதி அருகில் வந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் முஸ்லிம் வணிகர்களின் முதலீட்டாலும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த தொழிலாளர்களின் உழைப்பாலும் தொழில் வளர்ந்தது. பட்டையில் பதனிட்ட அந்தத் தோல் இங்கிலாந்துச் சந்தையில் ஈஸ்ட் இந்தியா கிப்ஸ் என்ற பெயரால் மதிக்கப்பட்டது. பட்டைக்குழியின் கழிவும் நாறும், நீரைக் கறுப்பாக்கும். ஆனால் அது பெரும்பாலும் மக்கும் பொருள் என்பதும், தொழிலின் அளவு அன்று சிறியது என்பதும் சேர்ந்து ஆற்றைக் காத்தன.

குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறையைச் சென்னை மாகாணத்தில் பரப்ப முயன்றவர் ஆல்பிரட் சாட்டர்டன், பல்லாவரத்தில் ஜி. ஏ. சேம்பர்ஸ் நிறுவிய குரோம் தோல் ஆலையே இன்றைய குரோம்பேட்டைக்குப் பெயர் தந்தது. எனினும் பாலாற்றுப் பகுதியின் பெரும் மாற்றம் அரை நூற்றாண்டுக்குப் பிந்தையது. பச்சைத் தோலாகவும் அரைகுறைப் பதத்திலும் ஏற்றுமதி செய்வதைவிட முழுமையாகப் பதனிட்டு விற்பதே நாட்டுக்கு வருவாய் என்று சீதாராமையா குழு பரிந்துரைத்தபின், 1973 முதல் மைய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைப்பதத் தோலுக்கும் வரம்பு விதித்தது. அதனால் குரோமிய முறை பரவியது. வாரக்கணக்கில் குழியில் கிடந்த தோல், மரத்தாலான சுழலும் உருளைக்குள் ஓரிரு நாளில் நீலநிறம் ஏறி வெளிவந்தது; தொழிலில் இருப்போர் இதை வெட் புளூ என்பர். ஏற்றுமதிக் கணக்கில் இது பெருவெற்றி. அந்தக் கணக்கில் கழிவுநீருக்கென்று ஒரு பத்தி இல்லை.

இவ்விடத்தில் நஞ்சின் தன்மையைச் சற்று விளக்குவது அவசியம், ஏனெனில் மேடைப் பேச்சுகளில் எல்லாம் குரோமியம் என்ற ஒரே சொல்லில் அடக்கப்பட்டுவிடுகிறது. அழுகாமல் இருக்கப் பச்சைத் தோலில் தடவும் உப்பு, மயிர் நீக்கப் பயன்படும் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும், பதனிடும் குரோமிய சல்பேட் ஆகியவை கழிவில் சேர்கின்றன. வயலைக் கெடுத்ததில் முதற்பங்கு சாதாரண உப்புக்கு உரியது; நீரில் கரைந்த திடப்பொருளின் மொத்த அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று கழிவுநீருக்கு வரம்பு வைக்கப்பட்டது இதன் பொருட்டே. பதனிடுவதில் பயன்படும் குரோமியம் மூன்று இணைதிறன் கொண்டது. அதன் கேடு ஒப்பீட்டளவில் குறைவு. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியமே புற்றுநோயை உண்டாக்குவது. அது பெருமளவில் தேங்கிய இடம் இராணிப்பேட்டையில் சோடியம் டைகுரோமேட் போன்ற மூலப்பொருள்களைத் தயாரித்து 1990-களின் நடுவில் மூடப்பட்ட ஓர் ஆலையின் வளாகம். லட்சக்கணக்கான டன் கழிவு அங்கே திறந்தவெளியில் மேடாக விடப்பட்டது. மழைக்குப் பின் அப்பகுதியில் மஞ்சளாகக் கசியும் நீர் இந்த இரண்டாம் வகைக் குரோமியத்தின் அடையாளம். இரண்டையும் ஒன்றாகப் பேசுவது, உப்பால் நிலம் இழந்த உழவரின் வழக்கையும் மங்கலாக்குகிறது, டைகுரோமேட்டின் கொடுமையையும் குறைத்துக் காட்டுகிறது.

தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 1982-இல் அமைந்தது. நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் தோல் ஆலை போன்றவை அமையக்கூடாது என்ற அரசாணை 1989 மார்ச்சில் வந்தது. தோல் ஆலைகள் மிகுந்த பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையமே கண்டறிந்தது. ஆக, அரசுக்குத் தெரியாது என்று எவரும் சொல்ல இயலாது. தெரிந்த அளவு, தெரிந்த இடத்திலேயே தங்கியது என்பதுதான் நடந்தது. அந்நியச் செலாவணி, பல்லாயிரவர் வேலை, நகரின் செல்வாக்குள்ள குடும்பங்கள் என்ற மூன்றும் சேர்ந்தபோது ஒரு கோப்பை மூடிவைக்க எந்தக் காவலரும் தேவைப்படவில்லை.

கோப்பை மூடுவதற்கும் வாயை மூடுவதற்கும் உள்ள தொலைவு குறைவு என்பதற்கு வேலூரின் சொந்த வரலாற்றிலேயே பழைய சான்று ஒன்று உண்டு, அதிலும் தோலுக்கு ஓர் இடம் உண்டு. 1806-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சிப்பாய்களுக்குத் தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையைப் புகுத்தியபோது, அத்தோல் பசுவினுடையதோ பன்றியினுடையதோ என்ற அச்சம் பரவியது. அணிய மறுத்தோர் கைதாகி, இருவருக்குத் தலா 900 கசையடி விதிக்கப்பட்டது. கோட்டையில் கிளர்ச்சி உருவாகிறது என்று ஜூன் மாதத்தில் கர்னல் ஃபோர்ப்ஸிடம் அறிவித்த முஸ்தபா பெக் என்னும் சிப்பாயைப் பைத்தியக்காரன் என்று முடிவுகட்டி விலங்கிட்டனர். அவன் சொன்னது ஜூலை 10 அன்று நடந்தேறியபின் பரிசும் ஓய்வூதியமும் வழங்கினர். அவன் யார் பக்கம் நின்றான் என்பது வேறு கேள்வி. கேட்க விரும்பாத செய்தியைக் கொண்டுவந்தவனையே அதிகாரம் முதலில் விசாரிக்கும் என்பதற்கு அவன் விலங்கு சான்று.

அந்தப் பழக்கம் முழுமையான அரச அமைப்பாக வளர்ந்த நாடு சோவியத் ஒன்றியம். மாஸ்கோவில், கரிம வேதியியலுக்கும் தொழில்நுட்பத்துக்குமான அரசு ஆராய்ச்சி நிறுவனம் என்ற சாதுவான பெயரில் இயங்கிய அமைப்பு, உண்மையில் இரசாயன ஆயுதங்களை உருவாக்கிய இடம். தாத்தார் இனத்தைச் சேர்ந்த வில் மிர்சயானோவ் என்னும் வேதியியலாளர் அங்கே 26 ஆண்டுகள் பணிபுரிந்தார். அந்நிய உளவுத் தொழில்நுட்பத்தை எதிர்கொள்ளும் துறை அவர் பொறுப்பில் வந்தது: ஆலைக்கு வெளியே காற்றிலும் நீரிலும் மண்ணிலும் எந்தத் தடயமும் மிஞ்சாதபடி பார்த்துக்கொள்வது, மிஞ்சினால் அதை அயல்நாட்டு ஒற்றர் கண்டுபிடிப்பதற்குமுன் தாமே அளந்து கண்டுபிடிப்பது. அப்படி அளந்தபோது சில நச்சுப்பொருள்கள் பாதுகாப்பு வரம்பைப்போல் 80 மடங்கு இருந்ததை அவர் கண்டார். அரசு அமர்த்திய அந்த அளவையாளருக்கு அப்போது ஒரு முரண் புலப்பட்டது. ஒற்றனிடமிருந்து மறைக்க வேண்டிய தடயமாகவே அந்த எண் கருதப்பட்டது, சுற்றியிருந்த குடியிருப்புகளில் அதைச் சுவாசித்தோர் எவருடைய கணக்கிலும் இல்லை. இதே நிறுவனத்தில் 1987-இல் புதிய நரம்பு நஞ்சு ஒன்றின் கசிவுக்கு ஆளான ஆந்திரேய் ஷெலஸ்னியாகோவ் என்னும் அறிவியலாளர் ஐந்தாண்டு நோயில் கிடந்து இறந்தார். அவருக்கு நேர்ந்ததை அரசு நாட்டுக்குச் சொல்லவில்லை.

மிர்சயானோவ் 1991-இல் ஒரு நாளிதழிலும், 1992 செப்டம்பரில் லெவ் ஃபியோதரொவ் என்னும் வேதியியலாளருடன் சேர்ந்து மாஸ்கோ நியூஸ் இதழிலும் எழுதினார். இரசாயன ஆயுதங்களை ஒழிக்கும் உலக உடன்படிக்கையில் கையெழுத்திட ஆயத்தமான அதே ஆண்டுகளில், பின்னாளில் நோவிசோக் என்று உலகம் அறிந்த புதிய தலைமுறை நஞ்சை அவ்வரசு வளர்த்து வந்தது என்பதே அவர் வெளியிட்ட செய்தி. அக்டோபர் 22 அன்று அவர் கைதாகி, அரசியல் கைதிகளை விசாரிப்பதற்கென்று பெயர்பெற்ற லெஃபோர்தவோ சிறையில் அடைக்கப்பட்டார். சோவியத் ஒன்றியம் அதற்குள் கலைந்துவிட்டது, விசாரித்த துறை கேஜிபியின் வாரிசாகப் பெயர் மாறியிருந்தது, கேள்விகள் பழையவையே. அரசு இரகசியத்தை வெளியிட்டார் என்ற அக்குற்றச்சாட்டை அவர் ஏற்கவில்லை. 1994 சனவரியில் மூடிய அறைக்குள் வழக்கு தொடங்கியபோது, இரகசிய நீதிமன்றத்தில் பங்கேற்க மாட்டேன் என்று மறுத்தார். மறுத்ததற்காகவே மீண்டும் சிறைப்பட்டார். அந்த மறுப்பில் சட்ட நுட்பம் ஒன்று பொதிந்திருந்தது. மூடிய அறையில் பதில் சொன்னால், அறையை மூடும் உரிமை அரசுக்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும். வழக்கின் உண்மையான பொருளே அந்த உரிமைதான். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அவர்மீதான வழக்கு கைவிடப்பட்டது.

அதே வழியில் அடுத்து வந்தவர் முன்னாள் கடற்படை அதிகாரி அலெக்சாந்தர் நிகிதின். ருசிய வட கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்கள் விட்ட கதிரியக்கக் கழிவைப் பற்றி நோர்வேயின் பெலோனா அமைப்புக்காக அறிக்கை எழுதியதால் 1996 பிப்ரவரி 6 அன்று கைதாகிப் பத்து மாதம் சிறையிருந்தார். எந்த ஆணையை மீறினார் என்ற கேள்விக்கு, அந்த ஆணையும் இரகசியம் என்பதே அரசுத் தரப்பின் நிலை. அவருடைய வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டியது 1993-ஆம் ஆண்டு ருசிய அரசமைப்புச் சட்டத்தை: வெளியிடப்படாத சட்டம் குடிமகனைக் கட்டுப்படுத்தாது, சுற்றுச்சூழலின் நிலை பற்றிய உண்மைத் தகவலைப் பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு, உயிருக்கு ஆபத்தான செய்தியை மறைக்கும் அதிகாரியே குற்றத்துக்குப் பொறுப்பாவார். 1999 டிசம்பர் 29 அன்று அவர் விடுதலையானார். மறு ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இந்தியா சர்வாதிகார நாடன்று என்பதால் இவையெல்லாம் இங்கே நிகழாதவை என்று கருதிவிடக்கூடாது. 1984 டிசம்பர் 2–3 இரவில் போபாலில் மெத்தில் ஐசோசயனேட் கசிந்தபின், பாதிக்கப்பட்டோருக்குச் சோடியம் தயோசல்பேட் ஊசி போட்டு, அவர்களுடைய சிறுநீரில் நஞ்சின் எச்சத்தை அளந்து குறித்துவந்த ஜன ஸ்வாஸ்த்ய கேந்திரா என்னும் மக்கள் மருத்துவமனையை 1985 ஜூனில் காவல்துறை சோதனையிட்டு, மருத்துவர்களைக் கைது செய்து, பதிவேடுகளை எடுத்துச் சென்றது. உடலில் இன்னது கலந்திருக்கிறது என்று காட்டிய அந்தக் குறிப்புகள் இழப்பீட்டு வழக்குக்கும் பயன்படக்கூடியவை. மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் காவலரும் கைப்பற்றியது அளவைத்தான் என்பது சிந்திக்கத்தக்கது.

பாலாற்றில் எவரும் அளந்ததற்காகச் சிறை செல்லவில்லை. சிறைக்கு மாறாக அங்கே வேறொரு சுமை இருந்தது. கிணறு கெட்டது என்று சொன்ன உழவர், எந்த ஆலையின் கழிவால், எந்த நாளிலிருந்து, எத்தனை அளவில் என்பதைத் தாமே நிறுவ வேண்டியிருந்தது. ஆய்வுக்கூடம் அவரிடம் இல்லை. ஆலைக்குள் நுழையும் உரிமையும் இல்லை. இரண்டும் உடையவர்களிடம் எவரும் கேள்வி கேட்கவில்லை. விசாரணைக் கூண்டில் நின்றது கைதி அல்லாத ஒரு கைதி என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு இந்தச் சுமையைத் திருப்பி வைத்தது. எம். சி. மேத்தா வாதாடிய அவ்வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அளித்த தீர்ப்பு, சுற்றுச்சூழல் சட்ட நூல்கள் அனைத்திலும் இடம்பெறுவது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதும், குரோம் முறையில் 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுவதும் அதில் பதிவாகின. திண்டுக்கல் வட்டாரத்தில் தன்னார்வ அமைப்பு ஒன்று 13 ஊர்களில் பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டிருந்ததும் பதிவாகியது. ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. இது செல்வந்தத் தொழிலொன்றுக்குச் சுண்டைக்காய்த் தொகை. தீர்ப்பின் கனம் வேறிடத்தில் இருந்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதும், அறிவியல் உறுதி முழுமையாகக் கிட்டும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கை கொள்ள வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் அறிவித்தது. அத்துடன், தன் செயலால் சூழலுக்குக் கேடில்லை என்று நிறுவும் பொறுப்பு தொழில் நடத்துவோரைச் சார்ந்தது என்றும் கூறியது. கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மாறினார். லெஃபோர்தவோவில் மிர்சயானோவ் எதிர்பார்த்ததும் இதையே எனலாம்.

தீர்ப்பு வந்த வேகத்தில் நீர் தெளியவில்லை. சூழல் இழப்பீட்டு ஆணையம் 2001 மார்ச் 7 அன்று, 186 ஊர்களில் 29,193 பேருக்கு அல்லது குடும்பங்களுக்கு ஏறக்குறைய 26.82 கோடி ரூபாய் வழங்குமாறு 547 தோல் ஆலைகளுக்கு ஆணையிட்டது. சராசரி பார்த்தால் ஒரு குடும்பத்துக்குப் பத்தாயிரம் ரூபாயை எட்டாத தொகை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. சுத்திகரித்தபின் மிஞ்சும் சேறு புதிய சிக்கலானது. 2015 சனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டையில் அத்தகைய நிலையமொன்றின் கழிவுச்சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அவர்கள் தலைமாட்டில் இருந்தது என்ன என்பதை அவர்களுக்கு எவரேனும் சொல்லியிருப்பார்களா என்பது ஐயமே.

வழக்கு முடியவில்லை. 2025 சனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே. பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோரின் அமர்வு, நிலுவையில் உள்ள இழப்பீட்டை ஆறு வாரங்களுக்குள் மாநில அரசு வழங்கி ஆலைகளிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் குழு அமைத்துப் பாலாற்றை ஆராய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. முதல் மனுவுக்கும் இவ்வுத்தரவுக்கும் இடையே 34 ஆண்டுகள் கழிந்துள்ளன.

கார்த்திகை மாதக் கடைசி ஞாயிற்றில் பிள்ளைப்பேறு வேண்டி விரிஞ்சிபுரத்துச் சிம்ம தீர்த்தத்தில் நீராடப் பெண்கள் இன்றும் திரளாக வருகின்றனர். அவர்கள் ஊர்க் கிணறுகளின் உப்பளவும் குரோமிய அளவும் எங்கோ ஒரு கணினியிலோ கோப்பிலோ இருக்கின்றன. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, ஆலைகளுக்கு விதித்த கழிவுநீர் நிபந்தனைகளை ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்றும், அக்கழிவால் பாதிக்கப்படுவோர் எவரும் உரிய நேரத்தில் வந்து அதைப் பார்வையிடலாம் என்றும் கூறுகிறது. பாலாற்றங்கரை ஊராட்சிகள் அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, தம் ஊர்க் கிணற்றின் அளவையும் அதனுடன் சேர்த்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஆண்டுதோறும் எழுதி வைக்க வேண்டும்.